எண்ணெய் தாங்கும், துத்தநாகம் தடுக்கும்

வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் ராஸ்பெர்ரி விதை எண்ணெய்க்கு 28 முதல் 50 வரை, கேரட் விதை எண்ணெய்க்கு 38, தேங்காய் எண்ணெய்க்கு 7 என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு அதை நம்பி முகத்தை வெயிலுக்குக் கொடுப்பது ஆபத்து. இங்கே மாதங்கள் தலைகீழ். ஆடியில் குளிர், மார்கழியில் கொதிப்பு. தைப்பூசக் காவடி சரியாகக் கோடையின் உச்சியில் வருகிறது. உச்சிவேளையில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்களில், வெறுங்காலும் வெறுந்தலையுமாக மணிக்கணக்கில் நடக்கிறார்கள். ஜொகன்னஸ்பர்க்கில் கடற்காற்றின் புழுக்கம் இல்லாததால் வெயில் உறைப்பதே தெரியாது. ஆனால் அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும்.

அந்தப் பட்டியலின் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும். ராஸ்பெர்ரி எண் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கனடா ஆய்வைச் சேர்ந்தது. எண்ணெய் வழியாக ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவியில் அளந்து, அது வெயில் தடுக்கும் கனிமத் தூளான டைட்டானியம் டையாக்சைடின் போக்கை ஒத்திருக்கிறது என்று ஒப்பிட்டிருந்தார்கள். யார் முகத்திலும் தடவிப் பார்க்கவில்லை. தேங்காய் எண்ணெயின் 7, ஆலிவ் எண்ணெயின் 7.5, விளக்கெண்ணெயின் 5.7, நல்லெண்ணெயின் 1.8 ஆகியவை 2010இல் இந்தியாவில் வந்த ஆய்வின் எண்கள். அதில் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அது உறிஞ்சும் ஒளியை அளந்து, சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டார்கள். குப்பிக்குள் திரவம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் நிற்கும். தோலோ மேடும் பள்ளமுமானது. எண்ணெய் பள்ளத்தில் தேங்கிவிடும், மேட்டில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. வெயில் சுடுவது மேட்டைத்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. சொரியாசிஸுக்கு ஒளிச் சிகிச்சை தரும்போது, காய்ந்த செதில்மேல் முதலில் எண்ணெய் தடவும் வழக்கம் இருக்கிறது. உலர்ந்த செதில் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெய் பட்டதும் அது தெளிந்து, கதிர் உள்ளே எளிதாக இறங்கும். அதற்காகத்தான் தடவுகிறார்கள். வறண்ட முகத்தில் வெறும் எண்ணெயைப் பூசி வெயிலில் இறங்குகிறவருக்கும் இது பொருந்தக்கூடும்.

ஆக, தடுக்கிற வேலை எண்ணெயுடையதல்ல. இயற்கை வகை முகச் சன்ஸ்க்ரீனில் தடுப்பது ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாகத் தூள். சிலவற்றில் கூடவே டைட்டானியம் டையாக்சைடும் இருக்கும். ஜிங்க் ஆக்சைடு தோலைச் சுடும் புற ஊதா பி கதிரையும், ஆழமாக இறங்கிக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் ஏ கதிரின் பெரும்பகுதியையும், ஏறத்தாழ 370 நானோமீட்டர் வரை, பிடித்துக்கொள்ளும். அந்தத் தூளை முகம் முழுக்க ஒரே சீராகப் பரப்பி, அங்கேயே நிறுத்திவைப்பது எண்ணெயின் வேலை. சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் தவறான எண்ணெய் சேர்ந்தால் நல்ல துத்தநாகமும் வீண்.

இடையில் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லைப் பற்றி. வேதியியலில் ஆர்கானிக் ஃபில்டர் என்றால் கரிமச் சேர்மம்: அவோபென்சோன், ஆக்டினாக்சேட் போன்றவை. கடை அலமாரியில் ஆர்கானிக் என்றால் ரசாயன உரமில்லாமல் விளைந்தது. கடைக்காரர் சொல்லும் ஆர்கானிக் சன்ஸ்க்ரீனில் வேதியியலார் சொல்லும் ஆர்கானிக் ஃபில்டர் இருக்காது, கனிமம்தான் இருக்கும். ஐரோப்பாவின் காஸ்மாஸ் சான்றிதழ் விதி புற ஊதாத் தடுப்புக்கு ஜிங்க் ஆக்சைடையும் டைட்டானியம் டையாக்சைடையும் மட்டுமே அனுமதிக்கிறது. கனிமம் வயலில் விளைவதில்லை என்பதால் அதற்கு ஆர்கானிக் முத்திரையும் கிடையாது. லேபிளில் காணும் ஆர்கானிக் சதவீதம் எண்ணெயையும் செடிச் சாற்றையும் குறிக்கிறது, வெயில் தடுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இனி எண்ணெய்கள். இந்த விஷயத்தில் தென்னாப்பிரிக்கா கொடுத்துவைத்த நாடு.

முதல் இடம் மருலா என்ற பழமரத்தின் எண்ணெய்க்கு. லிம்போப்போவிலும் வட குவாசுலு-நடாலிலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பழம் தானாகக் கீழே விழும். பழத்தைப் பானமாக்கிய பிறகு, கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்து, உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பருப்பை எடுத்துப் பிழிகிறார்கள். அந்த எண்ணெயில் 70 சதவீதத்துக்கு மேல் ஓலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். இந்த எண்தான் முக்கியம். எண்ணெய் கெடுவதெல்லாம் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து சிக்கடிப்பதுதான். ஓலிக்கை விட லினோலிக் அமிலம் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் கெடும். லினோலெனிக் அதைவிட இரண்டு மடங்கு வேகம். நாள் முழுக்க வெயிலில் நிற்கப்போகும் பொருளுக்கு நிலையான எண்ணெயே அடித்தளமாக இருக்க வேண்டும். சாதாரண, வறண்ட முகங்களுக்கு மருலா போதும், வேறு தேட வேண்டாம்.

எண்ணெய் வழியும், பரு வரும் முகமென்றால் கலஹாரி தர்ப்பூசணி விதை எண்ணெய் நல்ல துணை. பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், மிக மெல்லியது, பிசுபிசுப்பு குறைவு. பரு வரும் தோலின் சுரப்பில் லினோலிக் குறைந்திருக்கும் என்பதால் அவர்களுக்கு இது ஒத்துப்போகும். மேலே சொன்ன காரணத்தால் இதைத் தனியாகப் போடக்கூடாது. எண்ணெய்ப் பங்கில் பாதிக்குள் வைத்து, மீதியை மருலாவோ ஹொஹோபாவோ தாங்க வேண்டும். ஹொஹோபா உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ நிலையில் இருக்கும் மெழுகு. அதனாலேயே சீக்கிரம் சிக்கடிக்காது.

பவோபாப் மரத்தின் விதை எண்ணெயில் ஓலிக், லினோலிக், பால்மிடிக் மூன்றும் கலந்து வரும். கொஞ்சம் கனம். ஜொகன்னஸ்பர்க்கின் ஆடி மாத வறட்சியில் வெடிக்கும் கன்னத்துக்கு நல்லது, டர்பனின் தைப் புழுக்கத்தில் முகத்தில் ஒட்டும். மக்கடாமியாவும் நல்ல எண்ணெய்தான். தோலின் சொந்தச் சுரப்பில் இருக்கும் பால்மிடோலிக் அமிலம் இதில் 20 சதவீதம் அளவுக்கு உண்டு, அதனால் சட்டென்று படியும்.

அவகாடோவில் ஒரு பொறி இருக்கிறது. சுத்திகரிக்காத எண்ணெய்தான் எப்போதும் உயர்ந்தது என்று நினைக்கிறோம். சமையலில் அது சரி. ஆனால் பச்சை நிற அவகாடோ எண்ணெயில் இருக்கும் பச்சையம் ஒளியை வாங்கி, எண்ணெயையே வேகமாகக் கெடுக்கும். இருட்டில் நன்றாக இருப்பது வெளிச்சத்தில் சிக்கடித்துவிடும். வெயிலுக்குப் போடும் க்ரீமில் சுத்திகரித்த வெளிர்மஞ்சள் அவகாடோ எண்ணெய்தான் சரி. ரோஸ்ஹிப் எண்ணெய் இரவில் தடவ அருமையானது, பகல் க்ரீமில் வேண்டாம். அதில் லினோலெனிக் அதிகம்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கெடாது, உண்மை. ஆனால் 24 டிகிரியில் உறையும். ஜொகன்னஸ்பர்க் குளிரில் டியூபுக்குள் மணல்போல் குருணை கட்டும். பலருக்கு நெற்றியிலும் மூக்கோரத்திலும் துவாரங்களை அடைத்துப் பரு கிளப்பும். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் கேப்ரிலிக் டிரைகிளிசரைடு மட்டும் வேறு ரகம். அது உறையாது, மணக்காது, தூளைப் பிரமாதமாக நனைக்கும். நல்ல சன்ஸ்க்ரீன் லேபிள்களில் அந்தப் பெயர் முதல் ஐந்துக்குள் இருக்கும்.

சிறிய அளவில் தயாரிப்பவர்களுக்காக 100 கிராமுக்கு ஒரு கணக்கு. எண்ணெய்க்குள் நீர் இருக்கும் வகை இது, வியர்வையில் எளிதில் கரைந்து ஓடாது. மேற்பூச்சு உள்ள ஜிங்க் ஆக்சைடு 20 கிராம், இரும்பு ஆக்சைடு நிறத்தூள் 1.5, கேப்ரிலிக் டிரைகிளிசரைடு 10, மருலா 10, கலஹாரி 8, ஹொஹோபா 5, தூளைப் பிரித்து நிறுத்தும் பாலிஹைட்ராக்ஸிஸ்டியரிக் அமிலம் 1, விளக்கெண்ணெயிலிருந்து செய்யும் பாலிகிளிசரில்-3 பாலிரிசினோலியேட் என்ற குழம்பாக்கி 4, தேன்மெழுகு 1.5, வைட்டமின் இ 0.5. எண்ணெய்ப் பக்கம் 61.5. நீர்ப் பக்கத்தில் காய்ச்சி வடித்த நீர் 32.8, கிளிசரின் 4, மெக்னீசியம் சல்பேட் 0.7, கிருமி வராமல் காக்கும் பாதுகாப்புப் பொருள் 1.

தூள் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். துத்தநாகத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. முதலில் கேப்ரிலிக் டிரைகிளிசரைடையும் பாலிஹைட்ராக்ஸிஸ்டியரிக் அமிலத்தையும் லேசாகச் சூடாக்கி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, வேகமாக அரைக்கும் ஹோமோஜனைசரில் ஓட்ட வேண்டும். கரண்டியோ சமையலறை மிக்ஸியோ இதற்குப் போதாது. முடிந்தால் ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி ஓட்டலாம். பிறகு ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் நசுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் தூள் இன்னும் கட்டியாகவே இருக்கிறது. இங்கே பொறுமை இழந்தால் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது. நன்றாகப் பிரிந்த 20 சதவீத ஜிங்க் எஸ்பிஎஃப் 30ஐ எட்டக்கூடும். கட்டிபட்ட அதே 20 சதவீதம் அதில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். கட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு, கட்டி இல்லாத இடத்தில் வெறும் எண்ணெய்.

அதன்பின் மெழுகையும் குழம்பாக்கியையும் மற்ற எண்ணெய்களோடு 70 டிகிரியில் உருக்கிச் சேர்த்து, அதே சூட்டில் இருக்கும் நீர்ப் பக்கத்தை நூல் பிடித்ததுபோல் மெல்லிய தாரையாக எண்ணெய்க்குள் ஊற்ற வேண்டும். எண்ணெயை நீருக்குள் ஊற்றக்கூடாது. அவசரப்பட்டு ஊற்றினால் குழம்பு புரண்டு, பால்போல் நீர்த்துவிடும். மெக்னீசியம் சல்பேட்டை விட்டுவிட்டால் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், சில வாரங்களில் டியூபின் வாயில் எண்ணெய் பிரிந்து நிற்கும். வைட்டமின் இயும் பாதுகாப்புப் பொருளும் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு.

வைட்டமின் இ எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதுகாப்புப் பொருளே போடாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நீர் இருக்கும் இடத்தில் பூஞ்சை நிச்சயம் வரும். இதில் ஜிங்க் வைக்கும் இன்னொரு சிக்கல்: அது காரத்தன்மை உடையது, நீரின் பிஎச் அளவை 7.5க்கு மேல் ஏற்றிவிடும். இயற்கைப் பொருள் என்று பலரும் தேர்ந்தெடுக்கும் சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் 5.5க்குக் கீழேதான் வேலை செய்யும். ஜிங்க் உள்ள க்ரீமில் அவை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

எண்ணெய் வாங்கும்போது அதில் தனித்த அமிலம் எவ்வளவு என்று காட்டும் அமில மதிப்பையும் கேளுங்கள். பழைய கொட்டையில் பிழிந்த எண்ணெயிலும் நாள்பட்ட எண்ணெயிலும் தனித்த கொழுப்பமிலம் கூடுதலாக இருக்கும். அது ஜிங்க்கோடு சேர்ந்து துத்தநாகச் சோப்பாக மாறி, க்ரீம் நாளுக்கு நாள் இறுகி, திரித்திரியாக உதிரும். அமில மதிப்பு கிராமுக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. எலுமிச்சைச் சாறு, பழ அமிலம் எதையும் இதில் கலக்காதீர்கள், காரணம் அதேதான்.

இத்தனை கவனமாகச் செய்தாலும், ஆய்வகத்தில் சோதிக்காமல் அதன்மேல் எஸ்பிஎஃப் எண் போடக்கூடாது. எண் என்பது வழக்கமாக ஐஎஸ்ஓ 24444 முறைப்படி, குறைந்தது 10 பேரின் முதுகில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்த்து வருவது. ஜிங்க் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதுவது ஏமாற்று. சோதிக்க வசதியில்லாதவர் வீட்டில் செய்ததைக் குழந்தையின் முகத்தில் தடவிக் கடற்கரைக்கு அனுப்ப வேண்டாம், சோதித்த ஒன்றை வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கு எஸ்ஏஎன்எஸ் 1557 என்ற தரநிலை இருக்கிறது. கான்சா புற்றுநோய்ச் சங்கத்தின் முத்திரையையும் பார்த்து வாங்கலாம். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஜிங்க்-விளக்கெண்ணெய்க் களிம்பை முகத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. பிரிட்டிஷ் மருந்துநூல் முறைப்படி செய்த களிம்பில் ஜிங்க் 7.5 சதவீதம்தான், பாதி விளக்கெண்ணெய், கூடவே கடலை எண்ணெய். அது குழந்தைக்கு நாப்கின் கட்டும் இடத்தில் வரும் புண்ணுக்கு ஆனது.

மாநிறத் தோலுக்கு இரும்பு ஆக்சைடு ஏன் என்று கேட்பீர்கள். வெறும் ஜிங்க் பூசினால் நம் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். அது பிடிக்காமல் அளவைக் குறைத்துத் தடவுவார்கள், பாதுகாப்பும் கூடவே குறையும். ஆனால் அழகு மட்டும் காரணமல்ல. கன்னத்தில் படரும் மங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும், முக்கியமாக அதன் நீலப் பகுதியாலும், கறுக்கும். ஜிங்க் அதைச் சரியாகத் தடுக்காது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளின் கலவை தடுக்கும். மாநிறத்துக்கு மஞ்சள் அதிகம், சிவப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, கறுப்பு ஒரு சிட்டிகை என்று தொடங்கிச் சரிபார்க்கலாம். டர்பன் வார்விக் சந்தைப் பக்கம் முகத்தில் செம்மண் பூசிக்கொண்டு வெயிலில் வியாபாரம் செய்யும் சுலு பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த இபோம்வு மண்ணின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். அவர்கள் காரணம் தெரிந்துதான் பூசுகிறார்கள்.

மங்குக்கு வெளுப்பூட்டும் க்ரீமை நாடுவது தவறான வழி. ஹைட்ரோகுயினோன் கலந்த க்ரீம்களால் இந்த நாட்டில் எத்தனையோ பெண்களின் முகம் நீலக்கறுப்பாகத் தடித்துப்போயிற்று. 1990இல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்தார்கள். கள்ளத்தனமாக இன்றும் விற்கிறது. வாங்காதீர்கள்.

நலங்குமாவு பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் சேரும் கச்சோலத்தில் இருக்கும் எத்தில் மெத்தாக்ஸிசின்னமேட் பி கதிரை உறிஞ்சும். ஆக்டினாக்சேட் அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் தேய்த்துக் கழுவிய பிறகு முகத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, அதை நம்பி வெயிலில் போக முடியாது. அதே மாவில் சிலர் கார்போகரிசியும் சேர்க்கிறார்கள். அதில் சோரலென் இருக்கிறது. வெண்படைக்கு அதைக் கொடுத்து வெயிலில் நிறுத்துவதே, தோல் வெயிலை அதிகமாக வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். காலையில் வெளியே போகிறவரின் முகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். பழத்தோலைப் பிழிந்தெடுத்த பெர்கமாட், எலுமிச்சை வாசனை எண்ணெய்களிலும் இந்தக் குடும்பத்துப் பொருட்கள் உண்டு. வெயில் பட்டால் கொப்புளம் வந்து, ஆறிய பின் மாதக்கணக்கில் கறை நிற்கும். முகச் சன்ஸ்க்ரீனுக்கு வாசனையே தேவையில்லை.

பூசும் அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை பிதுக்கிய இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. முகத்துக்கு மட்டும் தினம் ஒருமுறை சரியாகப் பூசினாலே 50 மில்லி டியூப் ஒன்றரை மாதத்துக்குமேல் வராது. ஆறு மாதம் வந்தால் நீங்கள் பூசுவது பெயருக்குத்தான். ஒரே தடவையில் தேய்க்காமல், ஒரு கோட்டைப் பரப்பி ஒரு நிமிடம் விட்டு, அடுத்ததைப் பரப்பினால் வெள்ளையும் குறையும், திட்டும் விழாது. காது மடலையும் பின்கழுத்தையும் மறக்க வேண்டாம்.

க்ரீமில் இரண்டு சொட்டு முக எண்ணெய் கலந்து ‘பளபளப்பாக’ பூசும் பழக்கம் பரவியிருக்கிறது. செய்யாதீர்கள். தூளின் அளவு நீர்த்து, கட்டுக்கோப்பும் கலைந்துவிடும். எண்ணெய் வேண்டுமென்றால் அது முதலில், மிகக் கொஞ்சம், பத்து நிமிடம் ஊறிய பிறகு மேலே சன்ஸ்க்ரீன். தலைக்கு வைத்த எண்ணெயும் அப்படித்தான். வியர்வையோடு நெற்றியில் இறங்கி, படலத்தைக் கழுவிக்கொண்டு போகும். வெயிலில் நிற்கும் நாளில் எண்ணெயை முந்தின இரவே வைத்துக் காலையில் அலசிவிடலாம். திருநீறு, குங்குமம் எல்லாம் க்ரீம் பூசிப் பதினைந்து நிமிடம் கழித்து. வியர்த்தால் துணியால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். காவடிக்குப் போகிறவருக்கு அது முடியாது என்றால், கூட நடப்பவரிடம் டியூபைக் கொடுத்துவையுங்கள்.

இரவில் சோப்பு மட்டும் போட்டால் ஜிங்க் முழுதாகப் போகாது. அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயை உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பிறகு பயத்தமாவு. டியூபைக் காரின் முன்பக்கப் பெட்டியில் வைக்காதீர்கள். பூட்டிய காரில் டர்பன் வெயிலின் சூட்டுக்கு மெழுகு இளகிக் குழம்பு பிரியும். பிரிந்ததைக் குலுக்கிச் சேர்த்தாலும் தூள் பழையபடி சீராகப் பரவாது. திறந்ததும் டியூபின் மேல் தேதியை எழுதுங்கள். பழைய கடலை எண்ணெய் வாடையோ வண்ணச் சாயத்தின் நெடியோ வந்தால் தேதி எதுவானாலும் குப்பையில் போடுங்கள்.